நாய்ப் பயிற்சிச் சங்கமும் அதன் முதல் வகுப்பும்

சுதந்திர தினத்தன்றும் குடியரசு தினத்தன்றும் மாவட்டத் தலைநகரங்களின் மைதானங்களில், அணிவகுப்பும் பள்ளிப் பிள்ளைகளின் கலைநிகழ்ச்சிகளும் முடிந்தபின், காவல்துறையின் மோப்ப நாய்கள் தம் பராமரிப்பாளரின் இடதுபுறம் ஒட்டி நடந்துவந்து, ஒரு சைகைக்கு அமர்ந்து, மறு சைகைக்கு எழுந்து, ஒளித்துவைத்த பொருளை மோப்பத்தால் கண்டு அதன் அருகே அசையாது உட்காரும்பொழுது எழுகின்ற கரகோஷத்தைக் கேட்டவர் எவரும், நம் ஜனங்களுக்கு நாய்களிடத்தில் பிரியம் இல்லை என்று சொல்லத் துணியமாட்டார். ஆயினும், அப்படிக் கைதட்டியவர்களில் பலர் வீடு திரும்புகையில், வாசற்படியின் ஓரத்தில் நான்கு முழச் சங்கிலியில் பகலெல்லாம் கட்டுண்டு, பால்காரரையும் தபால்காரரையும் பக்கத்து வீட்டுக் குழந்தையையும் பேதமின்றிக் குரைத்து விரட்டும் தம் சொந்த நாயைப் பார்த்து, அது வேறு ஜாதி, இது வேறு ஜாதி, இதற்கு அந்தப் புத்தி வராது என்று மனத்தைத் தேற்றிக்கொள்கிறார்கள். மைதானத்து நாய்க்கும் வாசற்படி நாய்க்கும் இடையே உள்ள இந்தத் தூரத்தைச் சாதாரண மனிதர்களைக்கொண்டே கடக்கச் செய்வதற்கு உலகில் ஏற்பட்ட ஸ்தாபனம்தான் நாய்ப் பயிற்சிச் சங்கம். அத்தகைய சங்கம் ஒன்றின் தகுதியை, அதன் பொதுக் காட்சியில் நாய்கள் எவ்வளவு உயரம் தாண்டின என்பதைக்கொண்டு அளப்பது பெரும் பிழை என்பதும், நேற்று வந்து சேர்ந்தவருடைய முதல் வகுப்பை யார் நடத்துகிறார், எப்படி நடத்துகிறார் என்பதைக்கொண்டே அதை அளக்கவேண்டும் என்பதும் என் திடமான அபிப்பிராயம்.

நம் நகரங்களில் வசதியுள்ளவர்கள் இப்பொழுது கைக்கொண்டிருக்கும் வழக்கம் ஒன்று உண்டு. நாய் கட்டுக்கடங்கவில்லையென்றால் ஒரு பயிற்சியாளரைக் கூலிக்கு அமர்த்தி, அவர் தினந்தோறும் காலையில் வந்து அதை வெளியே அழைத்துப் போகும்படி ஏற்பாடு செய்கிறார்கள். அல்லது ஒன்றிரண்டு மாதங்கள் அவருடைய இடத்திலேயே விட்டுவைக்கிறார்கள். பயிற்சியாளர்களில் நேர்மையும் திறமையும் வாய்ந்தவர்கள் உண்டு. அவர்களைக் குறைகூறுவது என் நோக்கமன்று. ஆனால் இந்த ஏற்பாட்டின் அடிப்படையே நாயின் சுபாவத்துக்கு மாறானது. ஓரிடத்தில் ஒருவரிடம் கற்றதை வேறோரிடத்தில் வேறொருவரிடம் தானாகவே பிரயோகிக்கும் சக்தி நாய்க்கு மிகவும் குறைவு. பயிற்சியாளருடைய முற்றத்தில் அவர் குரலைக் கேட்டவுடன் அமர்ந்த நாய், வீட்டுக்கு வந்தபின், அடுப்பங்கரையிலிருந்து அம்மா ஒரு சொல்லாலும், மாடியிலிருந்து மகன் வேறொரு சொல்லாலும், எரிச்சலோடு அப்பா மூன்றாவது ஒரு சொல்லாலும் கூப்பிடுகையில், எதற்கும் செவிசாய்க்காமல் நிற்பதை அதன் பிடிவாதம் என்று நாம் வர்ணிக்கிறோம். கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் வீட்டிலேயே இருந்துகொண்டு, நாயை மட்டும் படிக்க அனுப்பியதன் விளைவு அது.

இந்த உண்மையைக் கண்டுகொண்டவர்கள் மேல்நாடுகளில் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இருந்தார்கள். ஜெர்மனியில், குதிரைப்படையில் அதிகாரியாயிருந்த மாக்ஸ் ஃபான் ஷ்டெஃபானிட்ஸ் 1899ஆம் ஆண்டில் மேய்ப்பு நாய்களுக்கென ஒரு சங்கத்தை ஸ்தாபித்தபோது, தோற்றத்தைக் காட்டிலும் உழைப்பே நாயின் அழகு என்ற கொள்கையை அதற்கு ஆதாரமாக வைத்தார். அச்சங்கத்தின் கிளைகள் ஊர்தோறும் பயிற்சி மைதானங்களை ஏற்படுத்தின. காவல்துறை அதிகாரியான கான்ராட் மோஸ்ட் 1910இல் எழுதிய பயிற்சி நூல், பரிசும் கண்டிப்பும் செயலோடு ஒட்டி அக்கணத்திலேயே வரவேண்டும் என்பதை வலியுறுத்தியது. அவர் கையாண்ட கடுமையை இன்று நாம் ஏற்கமாட்டோம் என்றாலும், காலந்தாழ்த்திய தண்டனை நாய்க்கு விளங்குவதில்லை என்ற அவருடைய கருத்து இன்றும் நிற்கிறது. எனினும், சாதாரணக் குடும்பத்தாரைத் தம் நாயுடன் வகுப்புக்கு வரச்செய்த பெருமையில் முக்கியமான பங்கு இரண்டு பெண்மணிகளைச் சேரும்.

நியூயார்க் மாநிலத்தில் பூடில் நாய்களை வளர்த்துவந்த ஹெலன் ஒயிட்ஹவுஸ் வாக்கர் என்பவர், அந்த நாய்கள் அலங்காரத்துக்கு மட்டுமே உதவும் என்று பிறர் இழிவாகப் பேசியதைப் பொறுக்கமாட்டாமல், இங்கிலாந்தில் நடந்துவந்த கீழ்ப்படிதல் சோதனைகளை முன்மாதிரியாகக் கொண்டு, 1933ஆம் ஆண்டில் மவுண்ட் கிஸ்கோ என்னும் ஊரில் எல்லா இன நாய்களும் கலந்துகொள்ளத்தக்க ஒரு சோதனையை நடத்தினார். கலந்துகொண்டவை எட்டே நாய்கள். பிறகு பிளாஞ்ச் சாண்டர்ஸ் என்ற இளம்பெண் அவரிடம் வேலைக்கு வந்து சேர்ந்தார். 1936இல் அமெரிக்கக் கென்னல் சங்கம் இச்சோதனைகளுக்கு விதிகள் வகுத்தது. அடுத்த ஆண்டில் அவ்விருவரும் ஒரு மோட்டாரின் பின்னே வீட்டுவண்டி ஒன்றை இணைத்துக்கொண்டு, தம் பூடில்களுடன் ஏறக்குறைய 10,000 மைல் பிரயாணம் செய்து, சென்ற இடமெல்லாம் நாய்க் கண்காட்சிகளில் பயிற்சிக் காட்சிகளை நடத்தினார்கள். பொருளாதார மந்தத்திலிருந்து அந்தத் தேசம் இன்னும் முழுதும் மீளாத காலத்தில், இரு பெண்கள் நாய்களோடு பாதித் தேசத்தைச் சுற்றியதன் பயன் அவர்களுக்குக் கிடைத்த கைதட்டல்களில் இல்லை. அவர்களைக் கண்ட ஊர்களில் ஜனங்கள் ஒன்றுகூடித் தாமே வகுப்புகளைத் தொடங்கினார்கள் என்பதில் இருக்கிறது. சாண்டர்ஸ் பிற்காலத்தில் நியூயார்க் நகரில் பொதுமக்களுக்கு வகுப்பு நடத்துவதையே வாழ்க்கைப் பணியாகக் கொண்டார். காட்சி வகுப்புக்கு வழிவிட்டது. காட்சிக்கு இதைவிட உயர்ந்த பிரயோஜனம் ஒன்று உண்டென்று எனக்குத் தோன்றவில்லை.

வகுப்பு என்பது பார்வைக்குச் சுவாரசியமற்ற விஷயம் என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. நான் கவனித்துப் பார்த்த ஒரு வகுப்பில், ஓய்வுபெற்ற அதிகாரி போல் தோன்றிய பெரியவர் ஒருவரை அவருடைய லாப்ரடார் நாய் மைதானத்துக்குள் ஏறக்குறைய இழுத்துக்கொண்டே வந்தது. கையில் சுற்றியிருந்த வார் அவர் விரல்களைச் சிவக்கச் செய்திருந்தது. பயிற்சி நடத்திய இளம்பெண் அந்த நாயைத் தொடவே இல்லை.

"இழுக்காதீங்க சார், அப்படியே நின்னுடுங்க."

"எவ்வளவு நேரம்மா நிக்கிறது?"

"அது திரும்பி உங்களைப் பாக்கிற வரைக்கும்."

அவர் நின்றார். நாய் முன்னங்கால்களைத் தரையில் ஊன்றி, மூச்சிரைக்க, முழு பலத்தோடு முன்னே சாய்ந்தது. பிறகு, வழக்கமாகப் பின்னாலிருந்து வரும் இழுப்பு வராத காரணத்தாலோ என்னவோ, கழுத்தைத் திருப்பி அவரை நோக்கியது. அக்கணத்தில் வார் தொய்ந்தது. அவர் ஓரடி முன்வைத்தார். மற்றொரு கையில் வைத்திருந்த வெந்த கோழித் துண்டைக் கடுகளவு கிள்ளித் தம் தொடையருகே நீட்டினார். மீண்டும் இழுப்பு, மீண்டும் நிற்றல். மைதானத்தின் இந்த மூலையிலிருந்து அந்த வேப்பமரம் வரை செல்வதற்கு அவர்களுக்குக் கால்மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. ஆனால் மரத்தடியை அடைந்தபோது வார் அவர் கையிலிருந்து வளைந்து தொங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷமாக நாய் இழுக்கிறது என்று எண்ணிவந்த அவர், வாரின் மறுமுனையில் தாமும் இழுத்துக்கொண்டிருந்ததை அன்றைக்குத்தான் உணர்ந்தார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. இதைக் கண்டு கைதட்டும் கூட்டம் எங்கும் கூடப்போவதில்லை. ஆனால் சங்கத்தின் உயிர் இந்தக் கால்மணி நேரத்தில்தான் இருக்கிறது.

இந்த வேலைக்குத்தான் சங்கத்தின் தலைசிறந்த பயிற்சியாளர் வேண்டும். நன்கு பயின்ற நாயையும், அதைப் புரிந்துகொண்ட உரிமையாளரையும் எவரும் மேலே அழைத்துச் செல்லலாம். பயந்த நாயையும், அதைவிடப் பயந்த உரிமையாளரையும் முதல் நாளிலேயே மனந்தளராமல் காப்பது அனுபவசாலி ஒருவரால்தான் இயலும். பல சங்கங்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. சில வருஷங்கள் கழிந்ததும், உற்சாகமும் திறமையும் உள்ளவர்கள் காட்சிக் குழுவில் சேர்ந்து, ஊர் ஊராகச் சென்று புகழ்பெறுகிறார்கள். முதல் வகுப்பு, அன்றைக்கு யார் ஓய்வாக இருக்கிறாரோ அவர் தலையில் கட்டப்படுகிறது. புதிதாக வந்தவர் இரண்டு வாரம் வந்து மூன்றாம் வாரம் நின்றுவிடுகிறார். அவர் ஏன் நின்றார் என்று கேட்பாரில்லை. காட்சிக்குக் கிடைத்த நன்கொடையால் கணக்குப் புத்தகம் செழிப்பாக இருக்கும். சங்கமோ உள்ளே வற்றிக்கொண்டிருக்கும்.

குட்டிகளின் விஷயத்தில் இந்த அசிரத்தை இன்னும் கொடியது. அமெரிக்காவின் பார் ஹார்பரில் ஜான் பால் ஸ்காட், ஜான் ஃபுல்லர் என்ற இரு விஞ்ஞானிகள் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை ஆராய்ந்து 1965இல் வெளியிட்ட நூலில், பிறந்த 3ஆம் வாரம் முதல் ஏறத்தாழ 12ஆம் வாரம் வரையில் குட்டி எந்த மனிதரோடும் பிராணிகளோடும் பழகுகிறதோ, அவர்களையே அது ஆயுள் முழுவதும் அச்சமின்றி ஏற்கும் என்று காட்டினார்கள். இதைக் கருத்தில் கொண்டே, கால்நடை மருத்துவரான இயன் டன்பார் 1980களின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் குட்டிகளுக்கென்றே, அவற்றை வாரின்றி விளையாடவிடும் வகுப்புகளை ஆரம்பித்தார். நம் ஊரிலோ குட்டிக்கு ஆறு மாதமாகட்டும், பிறகு பார்க்கலாம் என்பது வழக்கம். கிடைத்தற்கரிய பருவம் கழிந்தபின் பயத்தைப் போக்கப் படும் பிரயத்தனம், முன்பே செய்திருக்கவேண்டியதைவிடப் பலமடங்கு பெரிது. மருத்துவரின் ஆலோசனைப்படி முதல் தடுப்பூசிகள் போட்ட குட்டிகளை, சுத்தமாகக் கழுவிய ஒரு கூடத்தில், மீசைக்காரர், குடை பிடித்தவர், பர்தா அணிந்த பெண்மணி, சைக்கிள் உருட்டும் சிறுவன் முதலிய பலதரப்பட்ட மனிதர்கள் நடுவே அரைமணி நேரம் இருக்கச் செய்வதே எத்தனையோ கடிகளைப் பிற்காலத்தில் தடுக்கும்.

இனிப் பொதுக் காட்சியைப்பற்றிச் சொல்லவேண்டும். காட்சிகளே கூடாது என்று வாதிப்பவன் அல்லேன். 1978ஆம் ஆண்டில் லண்டன் நகரத்து ஒலிம்பியா அரங்கில் கிரஃப்ட்ஸ் என்னும் நாய்க் கண்காட்சி நடந்தபோது, இரண்டு நிகழ்ச்சிகளுக்கு இடைப்பட்ட நேரத்தில் ஜனங்களை உற்சாகமாக வைத்திருக்க ஏதேனும் வேண்டும் என்று கருதிய ஜான் வார்லி என்ற நிர்வாகி, பீட்டர் மீன்வெல் என்ற பயிற்சியாளரின் உதவியைக் கோரினார். குதிரைகள் தடை தாண்டும் பந்தயத்தைப் பின்பற்றி, நாய்களும் தடைகளைத் தாண்டியும் குழாய்க்குள் புகுந்தும் ஓடும்படி அவர் அமைத்த அந்த இடைவேளை வேடிக்கை, இரண்டே ஆண்டுகளில் இங்கிலாந்தின் கென்னல் சங்கத்தின் அங்கீகாரம் பெற்று, அஜிலிட்டி என்னும் பெயரில் இன்று உலகெங்கும் ஆயிரக்கணக்கான குடும்பங்களை ஞாயிற்றுக்கிழமைகளில் மைதானத்துக்கு வரவழைக்கும் விளையாட்டாக வளர்ந்திருக்கிறது. அந்தக் காட்சியைக் கண்டவர்கள், நம் வீட்டு நாயும் இதைச் செய்யுமே என்று எண்ணினார்கள்; காட்சியின் வெற்றி அந்த எண்ணத்தில் அடங்கியிருந்தது.

இங்கிலாந்தின் கிராமத்துக் கோடை விழாக்களில் பயிற்சிச் சங்கங்கள் காட்டும் ஒரு நிகழ்ச்சி எனக்கு மிகவும் பிடித்தமானது. புல்தரையில் இரு வரிசையாகத் தட்டுகளை வைத்து, அவற்றில் பிஸ்கோத்தும் இறைச்சித் துண்டுகளும் பரப்பி, நாயை ஒரு முனையில் நிறுத்திவிட்டு, உரிமையாளர் மறுமுனைக்குச் சென்று பெயர் சொல்லி அழைக்கிறார். ஒரு நாய் தட்டுகளைத் திரும்பியும் பாராமல் ஓடிவருகிறது. மற்றொன்று நடுவழியில் நின்று, உரிமையாளரையும் தட்டையும் மாறிமாறிப் பார்த்து, முடிவில் தட்டின் பக்கம் சாய்கிறது. மூன்றாவது நாய், முதல் தட்டிலிருந்து கடைசித் தட்டு வரை ஒன்றையும் விடாமல் உண்டு தீர்த்தபின், வாலை ஆட்டிக்கொண்டு எஜமானியிடம் போய்ச் சேர்கிறது. ஜனங்கள் அந்த மூன்றாவது நாயைக் கண்டுதான் அதிகமாக மகிழ்கிறார்கள். அப்பொழுது ஒலிபெருக்கியில் பேசுபவர், முதல் நாய் மூன்று வருஷமாக வருகிறது, இந்த நாய் வந்து மூன்று வாரம் ஆகிறது, இதுவும் அப்படி ஆகும் என்று நாலு வார்த்தை நிதானமாகச் சொல்வாரானால், அந்த நாலு வார்த்தைக்காகவே அந்தக் காட்சியை நடத்தியது தகும். தேர்ந்த நாய்களை மாத்திரமே காட்டும் சங்கம், பார்ப்பவரைப் பிரமிக்க வைத்து வீட்டுக்கு அனுப்புகிறது. பிரமித்தவர் வகுப்புக்கு வருவதில்லை.

நெருப்பு வளையத்தின் ஊடே நாயைத் தாண்டச் செய்யும் வித்தையை நம் நாட்டுக் காட்சிகளில் இன்னமும் காண்கிறோம். காவல் நாயின் துணிவைக் காட்டுவதற்கு அது ஏற்றதென்று எண்ணுபவர்கள் இருக்கலாம். குடும்ப நாய்களின் சங்கம் அதைப் பின்பற்ற எந்த நியாயமும் இல்லை. எரியும் வளையத்தைத் தாண்டிய நாய், தீபாவளி வெடிச்சத்தத்தில் கட்டிலுக்கடியில் நடுங்கும் நாய்க்கு எதையும் கற்பிக்கவில்லை. மேலும், நாய்களைக்கொண்டு பொதுக் காட்சி நடத்துவோர் சட்டத்தையும் அறிந்திருக்க வேண்டும். ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் இடைவிடாது வலியுறுத்தியதன் பயனாக உருவான 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடைச் சட்டம், கட்டணம் பெற்றுப் பிராணிகளைக் காட்சிப்படுத்துவோரும் அதற்காகப் பயிற்றுவோரும் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று விதிக்கிறது; படையிலும் காவல்துறையிலும் பயன்படும் நாய்களுக்கு விலக்களிக்கிறது. இது குறித்து 2001இல் தனி விதிகளும் வந்துள்ளன. விழாக் கமிட்டி அழைத்தது, போனோம் என்றிராமல், விலங்கு நல வாரியத்திடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிவது சங்கத்தின் கடமை.

நம் நாட்டுச் சீதோஷ்ணத்துக்கேற்ப வேறு சில மாற்றங்களும் அவசியம். குளிர்நாடுகளில் நடுப்பகலில் நடத்துவதை நாம் காலை எட்டு மணிக்குள் முடித்துவிட வேண்டும். புறங்கையைத் தரையில் வைத்துச் சில நொடிகள் பொறுக்க முடியாவிட்டால், அந்தத் தரையில் நாயை நடத்தக்கூடாது. நிழலும் தண்ணீரும் இல்லாத மைதானத்தில் எவ்வளவு பெரிய மனிதர் தலைமை வகித்தாலும் காட்சி வேண்டாம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை முதலிய நம் நாட்டு இனங்களுக்குப் பயிற்சி ஏறாது என்ற ஒரு வதந்தியும் இருக்கிறது. கண்ணால் கண்ட முயலைத் தானே துரத்திப் பிடிக்கும்படி தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட வேட்டை நாய், மேய்ப்பு நாயைப்போல் ஒவ்வொரு கணமும் மனிதன் முகத்தைப் பார்த்துக்கொண்டிராது என்பது உண்மை. அதற்குப் பாடம் சுருக்கமாகவும், பரிசு உயர்ந்ததாகவும், பொறுமை அதிகமாகவும் வேண்டும்; கூப்பிட்டவுடன் திரும்பிவரும் பாடத்தை நீண்ட கயிற்றில் பல மாதங்கள் பழக்கவேண்டும். கர்நாடகத்து முதோள் நாய் நம் ராணுவத்தின் பயிற்சிக்கு ஏற்றுக்கொள்ளப்பட்டிருக்கையில், அதன் உறவினமான சிப்பிப்பாறையை மூடநாய் என்று ஒதுக்குவது அநியாயம்.

காட்சி நடக்கும் மைதானத்தில் நாய் வளர்க்காதவர்களே பெரும்பான்மையோர் என்பதைச் சங்கத்தார் மறக்கலாகாது. தெருநாய்களின் பிரச்சினை உச்ச நீதிமன்றம் வரை சென்றிருக்கும் இக்காலத்தில், நாயென்றாலே அஞ்சும் தாய்மார்கள் குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டு கயிற்றுக்கு அப்பால் நிற்கிறார்கள். அவர்களுக்கும் சங்கம் ஏதேனும் கொடுத்தனுப்ப வேண்டும். அறியாத நாய் நெருங்கினால் ஓடாமல், கத்தாமல், கைகளைத் தாழ்த்தி அசையாது நிற்பது எப்படி என்பதை, நன்கு பழகிய நாயொன்றைக்கொண்டே குழந்தைகளுக்குச் செய்துகாட்டலாம். கடிபட்ட இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு, உடனே மருத்துவமனைக்குச் செல்லவேண்டும் என்பதையும், வெறிநோயின் அறிகுறி தோன்றியபின் உயிர் பிழைப்பது ஏறக்குறைய இயலாது என்பதையும் ஒலிபெருக்கியில் சொல்லலாம். தடுப்பூசிச் சான்று இல்லாத நாயை வகுப்பில் சேர்ப்பதில்லை என்ற விதியை அங்கேயே அறிவிக்கலாம். இங்கிலாந்தின் கென்னல் சங்கம் 1992இல் தொடங்கிய நற்குடி நாய்த் திட்டத்தில் வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று படிகள் வைத்து, நாயைச் சோதிப்பதோடு நில்லாமல், நாயின் மலத்தை அகற்றும் பை கையில் இருக்கிறதா என்று உரிமையாளரையும் சோதிக்கிறார்கள். காலை நடையில் நம் தெருக்கள் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இந்த விதியின் அருமை விளங்கும்.

தமிழ்நாட்டில் நாய் ஆர்வலர்களுக்குக் குறைவில்லை. இந்தியக் கென்னல் சங்கத்தின் தலைமையிடம் சென்னையில் இருக்கிறது; உதகையில் கோடைதோறும் நாய்க் கண்காட்சி நடைபெறுகிறது; 1976இல் தோன்றிய மெட்ராஸ் கேனைன் கிளப் இன்றும் இயங்கிவருகிறது. பரிசுக்குரிய நாயின் நடையையும் முதுகின் வளைவையும் கணிக்கத் தெரிந்தவர்கள் நம்மிடையே பலர். ஆனால் சிற்றூர்களிலும் மாவட்டத் தலைநகரங்களிலும், சாதாரண உரிமையாளர் ஒருவர், இனம் இன்னதென்று தெரியாத தம் நாயோடு கூச்சமின்றி வந்து நிற்கக்கூடிய வாராந்தர வகுப்புகள்தான் வேண்டும். அதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. ஒரு பயிற்சியாளருக்கு எட்டு நாய்களுக்கு மேற்படாத வகுப்பு, நாய்கள் இன்றி உரிமையாளர்கள் மட்டும் வரும் ஒரு முதல் நாள், இரண்டு நாய்களுக்கிடையே தாராளமான இடைவெளி, வாங்கும் கட்டணத்துக்கு ஒழுங்கான கணக்கு: இவ்வளவு இருந்தால் தொடங்கிவிடலாம்.

சென்னையிலும் நாமக்கல்லிலும் திருநெல்வேலியிலும் ஒரத்தநாட்டிலும் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் மைதானமும் மருத்துவர்களும் மாணவர்களும் இருக்கிறார்கள். முதல் வகுப்புகளை அவை தொடங்கி வழிகாட்டலாம். நகராட்சிகளும் மாநகராட்சிகளும் தங்கள் விளையாட்டு மைதானத்தின் ஒரு மூலையை ஞாயிற்றுக்கிழமை காலை ஆறிலிருந்து எட்டு மணி வரை ஒதுக்கித்தர வேண்டும். ஏற்கனவே சங்கம் நடத்துபவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றே: அடுத்த பொதுக் காட்சிக்கு உங்கள் குழுவைத் தேர்ந்தெடுக்கும்போது, இந்த மாதம் வந்து சேர்ந்த இரண்டு நாய்களையும் அவற்றின் உரிமையாளர்களையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள்; உங்களில் மிகத் தேர்ந்தவரை அடுத்த ஞாயிறன்று முதல் வகுப்புக்கு அனுப்புங்கள்.